மாத்திரைக்குப் பயந்த பூனை

எங்கள் பூனைக்குப் பதிமூன்று வயதானபோது திடீரென்று பசி கூடியது. மந்தைவெளி வீட்டில் நானும் கணவரும் அதுவும் மட்டும்தான். வைத்த மீனைத் தின்றுவிட்டு உடனே மறுபடி கத்தும். ஆனால் தடவினால் முதுகெலும்பு கையில் இடித்தது. நொச்சிக்குப்பத்தில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாகூடக் கேட்டார்: "இன்னாமா, தெனம் இவ்ளோ மீனு வாங்கினு போற, அந்தப் பூனை தேறவே இல்லன்ற?"

அடையாறு கால்நடை டாக்டர் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதாம். எனக்கு அது குறைவு. நானே தினமும் அதற்கு மாத்திரை போடுகிறவள்.

"ஆபரேஷன் பண்ணிக் கழுத்துல இருக்கிற தைராய்டு கட்டியை எடுத்துடலாம். ஆனா இதயம் ரொம்ப வேகமா அடிக்குது, மயக்க மருந்தைத் தாங்குமான்னு சொல்ல முடியாது. இல்லன்னா ஆயுசுக்கும் மாத்திரை," என்றார்.

"ஒரே தடவையா முடிச்சிடலாமே," என்றார் கணவர் ஆட்டோவில்.

"எழுந்திருக்கலைன்னா?"

அவர் பூனைக் கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டார். மாத்திரை என்று முடிவாயிற்று.

அவர் துண்டில் சுற்றிப் பிடிப்பார், நான் வாயைத் திறந்து போடுவேன். விழுங்கியதுபோல் இருந்துவிட்டு பீரோவுக்குப் பின்னால் போய்த் துப்பும். விடாமல் கொடுத்ததில் எடை ஏறியது, கத்தலும் நின்றது. ஆனால் என் செருப்புச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வந்த பூனை, இப்போது என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்தது.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். "தைராய்டு கட்டுப்பட்டிருக்கு. ஆனா கிட்னி கெட்டுப்போயிருக்கு. இத்தனை நாள் தைராய்டு வேகம் அதை வெளிய தெரியாம வச்சிருந்தது. மாத்திரையைத் தொடர்ந்தா கிட்னிக்குக் கஷ்டம், நிறுத்தினா இதயத்துக்கு. நீங்கதான் சொல்லணும்."

கணவர்தான் சொன்னார்: "நிறுத்திடறோம் டாக்டர். இருக்கிற வரைக்கும் எங்களப் பாத்துப் பயப்படாம இருக்கட்டும்."

பூனை கொஞ்ச நாள் என்னைவிட்டுத் தள்ளியே இருந்தது. ஒரு மத்தியானம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தானாக வந்து மடியில் ஏறிப் படுத்தது. கனமே தெரியவில்லை. இதயம் மட்டும் என் தொடையில் படபடவென்று அடித்தது. வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு, அது எழுந்து போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மழை தொடங்கிய வாரத்தில், கணவரின் பக்கத்தில் படுத்திருந்தபடியே போய்விட்டது. குடியிருப்பின் பின்பக்கம் வாட்ச்மேன் குழி தோண்டிக் கொடுத்தார். மண்ணைத் தள்ளி மூடும்போது கணவர், "அன்னிக்கே ஆபரேஷன்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். நான் மீதி மண்ணைக் கையால் தள்ளி மூடினேன்.