பெயர் எழுதாத லாரி

செஞ்சி பஜாரில் என் கூரியர் கடைக்கு ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருப்பார். அவர் செய்துகொண்டிருந்த மாடல் லாரிக்கு டயர், ஹாரன், பக்கக் கண்ணாடி என்று பார்சல் வரும். கவுண்டரிலேயே பிரித்து, ஒவ்வொன்றையும் இடுக்கியால் தூக்கி ஊதிப் பார்ப்பார்.

ஒருநாள் லாரியையே கொண்டுவந்து காட்டினார். முழ நீளம். முன்னால் மிளகளவு எலுமிச்சம்பழம்கூடத் தொங்கியது. லாரிக்காரர்கள் பிள்ளைகள் பெயரை எழுதும் முகப்பு மட்டும் வெறுமையாக இருந்தது.

“பிள்ளைங்க பேர எழுதலீங்களா?” என்றேன்.

“யாரு பேர சார் எழுதறது?”

லாரியைத் துணியில் சுற்றியவர், “உங்க பொண்ணு பேரு இன்னா?” என்று கேட்டார். சொன்னேன். இரண்டு முறை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அதன்பின் அவருக்குப் பார்சலே வரவில்லை. எழுதினாரா, தெரியாது. கடையைத் தாண்டிப் போகிற லாரிகளின் நெற்றியில் என் மகள் பெயரைத் தேடுகிறேன்.