பச்சை இரும்பு

“அந்தக் காலத்து இரும்புக் கார் எண்டால் ஏறுவன். உந்தத் தகரப் பெட்டியளுக்குள்ளை ஏறமாட்டன்.”

என் மனைவி இதைச் சொன்னது என் வாயை அடைப்பதற்கு. சின்னக் கார் ஒன்று வாங்குவோமா என்று ஒரு கிழமையாக அவளை அரித்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லி முடிக்கவில்லை, நான் எழும்பிச் சட்டையைப் போட்டுவிட்டேன். என் குணம் அப்படி. ஒன்று தலைக்குள் ஏறினால் எனக்குச் சோறு இறங்காது.

அவள் கரவெட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியை. எங்கள் வீடு மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கிட்ட. காருக்கும் லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு தினமும் ஸ்கூட்டரில் போய் வந்தவள், ஒரு நாள் நாய் ஒன்று குறுக்கே ஓடியதில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு பொருந்திவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. ஸ்கூட்டர் வேண்டாம், ஓட்டோ வேண்டாம், பஸ்ஸின் படியில் கால் வைத்தாலே உடம்பு நடுங்கியது. சம்பளமில்லா லீவு மார்கழியோடு முடிகிறது. தை மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒன்றில் போகவேண்டும், இல்லாவிட்டால் வேலையை விடவேண்டும். விலகல் கடிதத்தை அவள் பாதி எழுதி அலுமாரிக்குள் வைத்திருந்ததை நான் கண்டுவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த பயம் அவளுடைய பயத்தை விடப் பெரியது. காலையில் சுருதிப்பெட்டியைத் திறக்காத அவளோடு மிச்சக் காலத்தை எப்படி ஓட்டுவது என்று நினைத்தால் எனக்கு அழுகை வரும்.

கார் நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக்காரரின் கொட்டிலில் நின்றது. எங்கள் பக்கத்தில் ஏ ஃபோட்டி என்று சொல்லும் பழைய கார். பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு அதில் வாழைக்குலை ஏற்றியிருக்கிறார்கள். தரை முழுக்க வாழைப்பாலின் கயர் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. ஆனால் தோட்டக்காரர் எஞ்சினை இயக்கிக் காட்டியதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. பற்கள் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேனாம். பேரம் பேச வந்தவன் அப்படியா நிற்பது என்று பிறகு அவரே சொல்லிச் சிரித்தார்.

கார் போட்டிக்கோவுக்குள் வந்து சேர்ந்த அன்றே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காரைச் சுற்றி வந்தேன். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்கும். வெறும் பட்டி பூசிப் பள்ளம் மறைத்த இடத்தில் விழுந்துவிடும். இடப்பக்கக் கதவின் கீழே விழுந்தது. முன் மட்காட்டில் விழுந்தது. பின் சக்கரத்துக்கு மேலே பிடிக்கவே இல்லை. சுரண்டிப் பார்த்தால் இரண்டு விரல் தடிப்புக்குப் பட்டி, அதற்குப் பின்னால் சீமெந்து, சீமெந்துக்குப் பின்னால் பழைய பத்திரிகை. ஓரிடத்தில் அலுமினியச் சட்டி மூடி ஒன்றை வெட்டி ஆணியால் தறைந்திருந்தார்கள். சண்டை நாட்களில், சாமான் எதுவும் வராத தடைக் காலத்தில் யாரோ கைக்கு அகப்பட்டதைக் கொண்டு காரைக் காப்பாற்றியிருக்கிறார். ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும்போது நான் சத்தம் போட்டு அவளைக் கூப்பிட்டேன். சட்டி மூடியைக் கொண்டுபோய்க் காட்டியபோது, நான் கொண்டுவந்தது காரா குசினியா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெட்டி ஒட்டும் வேலைக்குக் குருநகரிலிருந்து ஒரு தம்பி வந்தான். ஃபைபர் படகு திருத்துகிறவன், இரும்பும் ஒட்டுவான். துருப்பிடித்த இடங்களை ஈவிரக்கமில்லாமல் வெட்டி எறிந்தான். புதுத் தகட்டை வைத்து ஒட்டும்போது மட்டும் அவனிடம் அப்படி ஒரு பொறுமை. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, கையை வைத்துச் சூடு ஆறிவிட்டதா என்று பார்த்து, பிறகு இன்னொரு பொட்டு. ஒரே மூச்சில் ஒட்டினால் தகடு சூட்டில் நெளிந்துவிடும் என்றான். அவனுக்குப் பக்கத்தில் நான் கால் மாற்றி மாற்றி நின்றேன். இப்படி வேலை செய்தால் தை என்ன, சித்திரை வந்துவிடும் என்று வாய் வரைக்கும் வந்தது.

அடுத்த சண்டை பிரைமருக்கு. பெயின்ற் உரித்த வெறும் இரும்பின் மேல் முதலில் பூசுவது அதுதான், கார் நிலைப்பதும் அதில்தான். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஒரு கருத்து. வீட்டு கேற் எல்லாம் செம்மண் நிற ரெட் ஒக்சைட்தானே, அதையே பூசு என்றார்கள் பாதிப்பேர். படகுக்காரத் தம்பி இரண்டு டின்னில் வரும் எபொக்சி பிரைமர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். இரண்டையும் கலந்தால் சில மணித்தியாலத்துக்குள் அடித்து முடிக்கவேண்டும், ஆனால் காய்ந்தால் ஈரத்தை உள்ளே விடாது என்றான். ரெட் ஒக்சைட் மெல்ல மெல்ல ஈரத்தைக் குடிக்குமாம்.

எனக்குக் கேட்டு நம்பும் பழக்கம் கிடையாது. வெட்டி எறிந்த தகட்டில் நல்ல துண்டுகளாக இரண்டு எடுத்துத் தேய்த்து, ஒன்றில் ரெட் ஒக்சைட், மற்றதில் எபொக்சி பூசினேன். காய்ந்ததும் இரண்டிலும் ஆணியால் ஒரு பெருக்கல் அடையாளம் கீறி, கடற்காற்று நேரே அடிக்கும் பின் வேலியில் கட்டிவிட்டேன். தினமும் காலையில் பல் தீட்டியபடி போய்ப் பார்ப்பேன். ஒரு மாதத்தில் ரெட் ஒக்சைட் துண்டில் கீறலைச் சுற்றித் துரு ஊர்ந்து, பிரைமர் பொருக்காகக் கழன்றது. எபொக்சித் துண்டில் கீறலுக்குள் மட்டும் ஒரு மெல்லிய கோடு. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்கை முழுக்கக் காட்டித் திரிந்தேன். பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்திருந்தால்கூட அவ்வளவு புழுகம் வந்திராது.

பிறகு காரை முழுக்க உரித்தோம். பச்சை நிறம், அதன் கீழே வெள்ளை, அதன் கீழே கறுப்பு, எல்லாம் போய்ப் பொனட் வெள்ளிபோல மின்னியது. ஒன்றும் பூசாத இந்த வெறும் இரும்பைத் தம்பி பச்சை இரும்பு என்பான். பச்சை இரும்பில் கை வியர்வைகூடப் படக்கூடாது, நாளைப் பின்னேரம் வந்து பிரைமர் அடிக்கிறேன், அதுவரை தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் நல்ல நேரம் இருந்தது. புது வேலை தொடங்கும்போது கும்பிடாமல் தொடங்கி எங்களுக்குப் பழக்கமில்லை. அதுவும் இந்தக் கார், அவள் ஏறவேண்டிய கார். கற்பூரம் கொளுத்தினேன். திருநீற்றைக் கிணற்றுத் தண்ணீரில் குழைத்து, பொனட்டின் நடுவில் மூன்று விரலால் மூன்றுகுறி இழுத்தேன். அதன் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு. அவள் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காருக்கு அவள் காட்டிய முதல் மரியாதை அது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மத்தியானம் போல தம்பி சொன்னது ஞாபகம் வந்து, ஈரத் துணியால் நன்றாகத் துடைத்து, காய்ந்த துணியாலும் துடைத்தேன். எங்கள் கிணறு உவர்க் கிணறு. அந்த உப்பு கண்ணுக்கா தெரியப்போகிறது?

பின்னேரம் தம்பி வந்து பொனட்டைக் கிட்டக் குனிந்து பார்த்தான். தண்ணி ஏதும் பட்டதா என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன். அவன் தேவாலயம் போகிற வேதக்காரன், திருநீறு பூசினேன் என்று சொன்னால் சிரிப்பானோ என்று ஒரு வெட்கம். அவ்வளவுதான். ஐம்பது வயதில் ஒரு பொய்.

அதன் பிறகு எல்லாம் கொண்டாட்டம். சாம்பல் நிற எபொக்சி, அதன் மேல் பள்ளங்களுக்கு மெல்லிய பட்டி, தேய்ப்பு, மறுபடியும் பிரைமர், மறுபடியும் தேய்ப்பு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்து மேடு பள்ளம் கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன். கடைசியில் வெண்ணெய் நிறப் பெயின்ற். இருக்கைக்கு உறை போட்டு, கண்ணாடி பூட்டி, ஒழுங்கையில் ஓட்டிக் காட்டினேன். அவள் கேற் வரைக்கும் வந்து பார்த்தாள். ஏறவில்லை. தை மாதம் பார்ப்போம் என்றாள்.

கார்த்திகை முழுக்க மழை. மார்கழி நடுவில் ஒரு காலை, அவள் போட்டிக்கோவிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். ஓடிப்போனேன். பொனட்டின் நடுவில் பெயின்ற் பொங்கியிருந்தது. சின்னச் சின்னக் கொப்புளங்கள், வரிசையாக மூன்று கோடு. நடுவில் வட்டமாக ஒன்று.

நான் இழுத்த அதே மூன்றுகுறி, அதே பொட்டு. அவளோ கைகூப்பி நின்றாள்.

“நான் ஏறுறன். தை மாசம் உதிலைதான் பள்ளிக்கூடம் போவன்.”

மாதக்கணக்காக நான் கேட்கத் தவித்த வார்த்தை. சந்தோஷத்தில் வாய் உளறியது. அரை மணித்தியாலத்துக்குள் ஒழுங்கைப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் செவ்வரத்தம்பூ வைத்தார். ஒருவர் தன் மகனின் பரீட்சைக்காக வேண்டிக்கொண்டார். ஃபோனில் படம் எடுத்து வெளிநாடெல்லாம் அனுப்பினார்கள். நான் ஒருவரும் பார்க்காத நேரம் ஒரு கொப்புளத்தை நகத்தால் அமத்தினேன். மண்ணிறத் தண்ணீர் கசிந்தது.

தம்பிக்கு ஃபோன் எடுத்து, இந்த முறை உண்மையைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“எங்களிலையும் படகுக்குத் தீர்த்தம் தெளிக்கிறதுதான் அண்ணை. பெயின்ற் காஞ்சாப்பிறகு.”

உப்பு உள்ளே இருக்கிறது, விட்டால் கீழே கீழே தின்று பொனட் ஓட்டையாகும், இரும்பு தெரியும்வரை உரித்தே ஆகவேண்டும் என்றான். உரிப்பது எனக்குப் பெரிதில்லை. உரித்தால் அவளுடைய துணிவும் அதோடு போய்விடுமே என்பதுதான். விட்டுவிட்டால் அவள் ஏறுவாள், கார் அழியும். அவள் கேட்ட இரும்புக் கார். நாளுக்கு நாலு தரம் போய்ப் பார்த்தேன். கொப்புளங்கள் பெருத்துக்கொண்டே வந்தன. அவள் தினமும் பூ வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு மூன்று நாள் இருக்க, ஒரு பின்னேரம் அவள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கிணற்றுத் தண்ணீர், துடைத்தது, தம்பிக்குச் சொன்ன பொய். கடவுள் காட்டின குறியில்லை, என்னுடைய மடைத்தனம் என்றேன். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“துருவெண்டு எனக்கு முதல் நாளே தெரியும்” என்றாள்.

நான் நிமிர்ந்தேன்.

“எங்கடை வீட்டு யன்னல் கம்பி முழுக்க உப்பிடித்தானே பொங்குது. உவ்வளவு காலம் கடற்கரையிலை இருந்திட்டு எனக்குத் துருத் தெரியாதே? நீங்கள் படுற பாட்டைப் பாத்து எப்பவோ ஏறியிருப்பன். ஆனா பயத்தைக் கைவிட எனக்கொரு சாட்டு வேணுமாயிருந்தது. ஒழுங்கை முழுக்கக் கேக்கச் சொல்லிப்போட்டன், இனிப் பின்வாங்கேலாது.”

அப்படியானால் பூ வைத்தது எதற்கு என்று கேட்டேன். துருவைக் கும்பிட்டால் குறைந்தா போய்விடும் என்றாள். பிறகு உள்ளே போய்ச் சாண்ட் பேப்பர் இரண்டு துண்டு கொண்டுவந்து, ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

மேல் கோடு நான், கீழ்க் கோடு அவள், நடுக்கோட்டில் கைகள் இடித்துக்கொண்டோம். மூன்று நாளுக்குள் இரும்பு தெரிய உரித்து, துரு கறுப்புப் புள்ளியாகக்கூட இல்லாமல் தேய்த்து, போத்தலில் வாங்கிய நல்ல தண்ணீரால் உப்பை எடுத்து, அடுப்புச் சூட்டில் காய்ந்த துணியால் துடைத்து, தின்னரும் போட்டுத் துடைத்தோம். தம்பி வந்து எபொக்சி அடித்தான். பெயின்றுக்கு நேரம் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்த காலை, வெண்ணெய் நிறக் காரின் நெற்றியில் அகலமான சாம்பல் நிறத் திட்டு. ஒழுங்கைப் பெண்கள் கேற்றில் நின்று அதைப் பார்த்தார்கள். நான் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தேன். அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, நான் இருந்த சாரதிப் பக்கக் கதவைத் திறந்தாள்.

“அங்காலை அரக்கி இருங்கோ” என்றாள், ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி. “நான் ஓடுறன்.”