பூசை நோட்டின் இடது பக்கம்

என் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்வது ஒரு வியாதி. மருந்தே கிடையாது. மில்லை மூடி வேலை போனபோது தெருவே வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதது. இவர் மட்டும், "போகட்டும், தறிச் சத்தத்துல போயிருக்க வேண்டிய காது தப்பிச்சுதே, மெர்சி சாமி" என்றார். அந்த 'மெர்சி', வாலிபத்தில் பிரெஞ்சு பென்ஷன்காரர் ஒருவரின் பக்கத்து வீட்டில் குடியிருந்தபோது இவர் வாயில் ஒட்டிக்கொண்ட பிரெஞ்சு நன்றி. மழைக்கு ஓடு ஒழுகினால், கட்டிலில் ஒழுகாமல் அடுப்படியில் ஒழுகியதற்கு மெர்சி. ஈர அடுப்பைப் பற்றவைக்கப் போகிறவள் நான் என்பது அவருக்கும் தெரியும், சாமிக்கும் தெரியும். இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

நான் அப்படிப்பட்டவள் இல்லை. முணுமுணுக்காமல் எனக்கு ஜெபமே வராது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டால் ஒரு வாரத்துக் குறையை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன். "கொஞ்சம் மூச்சு விடு, அவரும் ஏதாவது சொல்லணும்ல" என்று இவர் காதருகே கிசுகிசுப்பார்.

மில்லுக்குப் பிறகு ஆட்டோ ஓட்டினார். பெரிய மார்க்கெட்டில் கூடைக்காரப் பெண்கள் இவர் வண்டிக்காகக் காத்திருப்பார்கள், வழியெல்லாம் சிரிக்கலாம் என்று. அந்த ஓட்டமும் ஒரு நாள் நின்றது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது, மார்பைத் திறந்து மாற்ற வேண்டும் என்றார்கள். பிழைப்பாரா என்று கேட்டேன். டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "நல்லபடியா முடியும்னுதான் செய்யறோம். ஆனா இதயம் ரொம்ப களைச்சுப் போயிருக்கு, உறுதி சொல்ல முடியாதும்மா" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்ததும் இவர், "ஞாயித்துக்கிழமை பூசைக்கு எம்பேர எழுதிக் குடுத்துடும்மா. நன்றிக்கு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுக்கு நன்றி? பொழச்சு வந்தா சொல்லிக்கலாம்."

"பொழச்சு வந்தப்புறம் யார் வேணா சொல்வாங்க. அதுல என்ன இருக்கு?"

எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் மேசைமேல் நீளமான நோட்டு ஒன்று கிடக்கும். பூசை நோட்டு. நாமேதான் எழுத வேண்டும். நன்றியும் வேண்டுதலும் இடது பக்கம், இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி வலது பக்கம். ஞாயிறன்று பூசை தொடங்கும் முன் அதைப் பார்த்து வாசிப்பார்கள். எங்கள் வீட்டில் இடது பக்கம் அவர் இலாகா, வலது பக்கம் என்னுடையது. அப்பா, அம்மா, மாமனார், மாமியார் என்று வருஷாவருஷம் நினைவு நாள்களை எழுதி எழுதி என் கை அந்தப் பக்கத்துக்கே பழகிவிட்டது. இந்த முறை அவரால் நடக்க முடியாததால் நான் போனேன். கோபத்தோடு போனேன். 'நன்றியாம், நன்றி' என்று புலம்பிக்கொண்டே அவர் பெயரை எழுதி, நோட்டை மூடிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை ஆட்டோ வைத்து அவரைக் கூட்டிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தேன். வாசிக்கிற பெண் மைக் முன் வந்து நின்றாள். நன்றிகளை வாசித்தாள், இவர் பெயர் வரவில்லை. 'எழுதினாயா இல்லையா' என்பதுபோல் என்னைப் பார்த்தார். அடுத்து இறந்தவர்கள். மூன்றாவது பெயர் இவருடையது. தெருப் பெயரோடு, தெளிவாக, அழகாக வாசித்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேரப் போகிற மனுஷனை என் கையாலேயே செத்தவர்களோடு சேர்த்துவிட்டேன். முன் பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. இவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோலக் கையைத் தூக்கி, "இருக்கேன்" என்றார்.

கோயிலே சிரித்தது. பூசை வைக்கப் பவனியாக உள்ளே வர வாசலில் நின்றிருந்த சாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் மட்டும் அழுதேன். "அழாதம்மா, நல்லதாப் போச்சு. செத்தவன மறுபடி யாரும் கூப்பிட மாட்டாங்க. செவ்வாக்கிழமைய நெனச்சு இனிமே எனக்குக் கவலையில்ல" என்றார்.

கோயிலுக்குள் இருந்தவர்கள் அவரை உயிரோடு பார்த்துவிட்டார்கள், சரி. ஆனால் எங்கள் கோயில் ஒலிபெருக்கி நாலு தெருவுக்குக் கேட்கும். கடைசி பெஞ்சில் சொன்ன 'இருக்கேன்' மைக்கில் ஏறவில்லை. வீட்டில் இருந்தவர்கள் காதில் விழுந்தது பெயர் மட்டும்தான். நாங்கள் வீடு திரும்பி அரை மணிகூட ஆகவில்லை, எதிர்வீட்டு அக்கா ஒரு தூக்கு நிறைய இட்லியும் சாம்பாருமாக அழுதுகொண்டே நுழைந்தார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும், அது எங்கள் பக்கத்து முறை. நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் தலையைத் தூக்கி, "சட்னி இல்லியா?" என்றார். அக்கா போட்ட சத்தத்தில் தெருவே உள்ளே வந்துவிட்டது. தூக்கு கைநழுவாதது மாதா புண்ணியம்.

அப்புறம் உப்புமா வந்தது, பொங்கல் வந்தது, ஃபிளாஸ்க்கில் காபி வந்தது. பிள்ளைச்சாவடியில் இருக்கும் அவருடைய பழைய மில் சிநேகிதர் யாரோ போனில் சொல்லக் கேட்டு, அரக்கப்பரக்க பஸ் ஏறி, மார்க்கெட்டில் பெரிய ரோஜா மாலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பிணத்துக்கு வாங்கிய மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே திருதிருவென விழித்தார். இவர் அவரைக் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைக் காட்டினார். "செத்து எழுந்தவரு அவருதான். அவருக்குப் போடுடா."

ஆறு மாதமாக நாங்கள் கஞ்சியில் காலம் தள்ளியது யாருக்கும் தெரியாது. சொல்ல எனக்கு ரோஷம். அன்றைக்கு எங்கள் சின்னக் கூடத்தில் பாய் விரித்து, செத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க, எல்லோரும் துக்கச் சாப்பாடு சாப்பிட்டோம். தட்டு எடுக்க அடுப்படிக்குள் போனவர்கள் கஞ்சிப் பானையையும் பார்த்திருப்பார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுக்க, முறை வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் தூக்கோடு கோரிமேட்டுக்கு பஸ் ஏறி வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து கண்ணை மூடினேன். சண்டை போடத்தான் மூடினேன். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு குறையும் வாயில் வரவில்லை. மடியில் எதிர்வீட்டு அக்காவின் தூக்கு சூடாக இருந்தது. "மெர்சி சாமி" என்றேன். அவர் பிழைப்பாரா என்று அப்போது எனக்குத் தெரியாது. பயமும் போகவில்லை. ஆனாலும் அதுதான் வந்தது.

பிழைத்தார். நினைவு தெளிந்ததும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இப்ப எந்தப் பக்கத்துல எழுதியிருக்கே?"

அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார். மாதாமாதம் நோட்டில் எழுதப் போகும்போது என்னையும் கூட்டிப்போய், "பாத்துக்கோ, இதான் எடது" என்று காட்டுவார். ஆட்டோவும் ஓட்டினார், என்னைக் கிண்டலும் செய்தார். போன மழைக்காலத்தில் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குத் தூக்குகள் வந்தன. சட்னி இல்லையா என்று கேட்க ஆளில்லை. நான் அழுத அழுகை கொஞ்சமில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு எழுதப் போனேன். நோட்டைத் திறந்து அவர் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினேன். அலுவலகத்துப் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, பக்கம் மாத்தி எழுதிட்டீங்க. இது நன்றிப் பக்கம்."

"தெரியும்மா" என்றேன்.

ஞாயிறன்று கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். நன்றிகளில் முதலாவதாக அவர் பெயரை வாசித்தார்கள். தலைகள் திரும்பின. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவருக்காகக் கையைத் தூக்கினேன்.