பின்னால் கட்டிய கொப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், அம்மா இறந்த மறுநாள் காலை, ஆற்றுக்கு அந்தப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த அக்காவை அழைத்துவர இரவல் சைக்கிளில் கிளம்பினேன்.

"செத்துட்டாங்கன்னு சொல்லிராத. ஒடம்பு முடியலன்னு மட்டும் சொல்லு. இல்லேன்னா வழியிலயே விழுந்துருவா," என்றார் மாமா.

பூண்டுலோயா மலை இறக்கத்தில் நாங்கள் பிரேக்கை நம்ப மாட்டோம். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மரக்கொப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போவோம். அது தரையில் உரசி வேகத்தைக் குறைக்கும். நானும் கட்டியிருந்தேன்.

கீழே ஆற்றோரம், வயல்களுக்கு நடுவே, சரளைக்கல் போட்ட கிரவல் ரோடு சமதரையாகக் கிடந்தது. அங்கே மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நகரவே இல்லை. ராத்திரி முழுக்கக் கண் விழித்த அசதி, துக்கம், வேறென்ன என்று நினைத்து மிதித்தேன்.

வயலில் நின்ற சிங்கள அம்மா ஒருவர் கைதட்டி நிறுத்தினார். பின்னால் காட்டிச் சிரித்தார். திரும்பினால், அவிழ்க்க மறந்த கொப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

எங்கே போகிறாய் தம்பி என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா செத்துட்டாங்க என்றேன், சிரித்துக்கொண்டே.

அவர் அரிவாளால் கயிற்றை அறுத்துவிட்டு, தோள் துணியால் என் முகத்தைத் துடைத்தார். நான் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் அழுது முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார்.

"அம்மாவுக்கு என்னடா?" என்று, தோட்டத்தில் என்னைக் கண்டதுமே அக்கா ஓடி வந்தாள்.

"லேசா ஒடம்பு முடியலக்கா. ஒன்னையப் பாக்கணுமாம்."

குரல் நடுங்கவில்லை. அக்கா நம்பினாள்.