தேரடித் தெருவில் என் மகளின் கவுன்

எங்கள் மகள் மூன்று வயதில் மஞ்சள் காமாலை கண்டு இறந்துபோனாள். அவள் துணிகளைப் பெட்டியில் பூட்டியே வைத்திருந்தேன். கார்த்திகை தீபத்துக்குச் சில நாட்கள் முன்பு, அநாதை ஆசிரமத்திலிருந்து வருவதாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். "கொழந்தைங்க குளிர்ல நடுங்குதுங்கம்மா" என்றார். பெட்டியோடு எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

தீபத்தன்று திருவண்ணாமலையே ஜனக்கடலாக இருந்தது. தேரடித் தெருவில் தரையில் பரப்பியிருந்த பழைய துணிக்கடையில், தீபம் பார்க்க வந்த வெளியூர்ப் பெண் ஒருத்தி தன் குழந்தைக்கு ஒரு மஞ்சள் கவுனைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் ஒரே ஒரு பச்சைப் பொத்தான். என் வீட்டுக்காரரின் சட்டையிலிருந்து எடுத்து நான் தைத்தது.

ஆசிரமத்துக்குக் கொடுத்த துணி இங்கே எப்படி வந்தது என்று கடைக்காரனைக் கேட்டேன்.

"எந்த ஆசிரமம்? ஆசிரமம்னு சொல்லி வாங்கிட்டு வர்ற அந்தாளு மூட்டை மூட்டையா எனக்குத்தான் போடறான்" என்று சிரித்தான்.

"செத்துப்போன என் பொண்ணோடதுய்யா அது!" என்று கத்திவிட்டேன்.

"மெதுவா சொல்லும்மா, யாவாரம் கெட்டுடப் போவுது" என்றான்.

அந்தப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. கவுனை இழுத்துக் கழற்றி என் முகத்தில் வீசினாள். "நல்ல நாளும் அதுவுமா இதப் போய் எம்பொண்ணுக்குப் போட்டுட்டனே" என்று காறித் துப்பினாள். குளிரில் வெற்றுடம்போடு நின்ற அந்தக் குழந்தை கவுனைக் கேட்டு அழுதது.

போலீசில் சொன்னேன். "நீங்களாத்தானே எடுத்துக் குடுத்தீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் தர்மம் கேட்டு யார் வந்தாலும், "எடத்தக் காட்டுங்க, நானே வந்து குடுக்கறேன்" என்கிறேன். போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

அந்தக் கவுன் என்னிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு அழுத குழந்தை எந்த ஊர் என்றுதான் தெரியவில்லை.