இளவரசியிடம் புத்தகம் கொடுத்த சம்பந்தி

இளவரசி அக்கா வாரத்தில் ஆறு நாள் பொய் சொல்வாள். அது அவள் வேலை. என் வேலையும் அதுதான். காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில், வெள்ளை மெத்தைமேல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து புடவை விரித்துப் போடுகிறோம். கத்தரிப்பூ நிறம் சுத்தமாக எடுக்காத ஓர் அம்மாளிடம், "உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குதும்மா" என்று அவள் சொன்னால் நானே நம்பிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, பொய்க்கும் லீவு. அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் சபைப் பெண்கள் கூடி, மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்களாம். எல்லாரும் "ஆசீர்வாதமா இருந்துச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு டீயைப் பார்ப்பார்கள். அக்கா மட்டும் "எனக்கு இல்ல" என்று ஆரம்பிப்பாள். அப்புறம் டீ ஆறிப்போகும்.

நான் சிவன் கோயில்காரி. வீட்டில் தறி ஓடுகிறது, நெற்றியில் விபூதி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டேன். ஆனாலும் சமீபத்தில் வந்த கிறிஸ்தவக் கதைப் புத்தகங்கள் அத்தனையும் எனக்கு அத்துப்படி. திங்கட்கிழமை காலையில் அலமாரியைத் துடைத்துக்கொண்டே அக்கா எனக்குக் கதையும் சொல்வாள், எழுதினவரைத் திட்டவும் திட்டுவாள்.

"'குடும்பத்தோட படிக்கலாம்'னு அட்டையில போட்டுக்கினு இருக்காங்க. உள்ள பார்த்தா குடும்பமே இல்ல புவனா. புருஷன் பொண்டாட்டி சண்டை கிடையாது. புள்ளைங்க அடம் புடிக்கல. ஒரு வூட்ல ஒரு நாளாவது கொழம்புல உப்பு ஜாஸ்தி ஆவாதா?"

இன்னொரு நாவலில் ஒரு குடிகாரன் ஒரே ஜெபக்கூட்டத்தில் திருந்திவிட்டான். அக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எங்க வூட்டுக்காரர் பீடிய வுட்றதுக்கு எத்தினி வருஷம் நான் முட்டி போட்டேன் தெரியுமா? அந்த முட்டிவலியப் பத்தி யாராவது எழுதறாங்களா?" குழந்தைகளுக்கான நோவா கதைப் படப்புத்தகத்தைக்கூட அவள் விடவில்லை. "அத்தினி மிருகமும் சிரிச்சிக்கினு நிக்குது. சரி, சாணி அள்ளினது யாரு? நோவா பொண்டாட்டி ஒரு வார்த்த கூடவா திட்டியிருக்க மாட்டா?"

எல்லாவற்றையும் குறை சொல்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு போதகர் மைக் செட்டுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் மறுபடியும் சண்டை போடுகிற கதை ஒன்று வந்தது. அதை வாங்கி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒன்று. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் முழுதாகப் படித்த ஒரே புத்தகம் அதுதான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அக்கா பிறந்தது ஐயம்பேட்டை. பத்தாவது முடித்ததும் செவிலிமேட்டில் ஒரு பஸ் கண்டக்டருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வேலைக்கு வர ஆரம்பித்த நாள் முதல், டவுன் பஸ்ஸில் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபடியே படிக்கிறாள். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்த நாள்கள் உண்டு. ஒரே பெண் ஜெமிமா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் ஷிப்டு வேலை, லைன் லீடர். அக்காவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

ஜெமிமாவுக்கு வாலாஜாபாத்திலிருந்து வரன் வந்தது. பையனுக்கு பாங்க் வேலை. அவனுடைய அம்மா கிருபாவதி நாவல் எழுதுகிறவர். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பெண் பார்க்க வந்தபோது பூ, ஆப்பிள், வாழைப்பழம் வைத்த தட்டில் நடுநாயகமாக ஒரு புத்தகமும் இருந்தது. 'ஒலிவ மரத்தடியில் ஒரு மருமகள்', எழுதியவர் கிருபாவதி. "நீங்க நல்லா படிக்கிறவங்கன்னு கேள்விப்பட்டேன். படிச்சுட்டுச் சொல்லணும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஜெமிமா அம்மாவின் காலில் விழாத குறை. "ம்மா, ப்ளீஸ். ஆசீர்வாதமா இருந்துச்சுன்னு சொல்லிடு. ரெண்டே வார்த்த. எனக்கு அவரைப் புடிச்சிருக்குது."

நானும் சொன்னேன். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்ங்கறாங்க. நீ கடையில சொல்றதுல ஒண்ண எடுத்து அங்க சொல்லுக்கா."

அக்கா சரியென்றுதான் தலையாட்டினாள். புத்தகத்தைப் படித்து முடித்த பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கத நல்லா இல்லன்னா கூட பரவாயில்ல புவனா. அதுல ஒரு மருமக வரா. ஆஸ்பத்திரியில நல்ல வேல. கல்யாணம் ஆயி வந்ததும் மாமியாருக்காக அந்த வேலைய வுட்டுட்றா. அதுவும் பாட்டு பாடிக்கினே வுட்றா. இந்தம்மா மனசுல இருக்கற மருமக இதுதானே? எம் பொண்ணு யூனிபார்ம் போட்டுக்கினு கெளம்பறப்ப அவ மூஞ்சிய நீ பார்க்கணும். அதப் புடுங்கிடுவாங்களோன்னு பயமா இருக்குது."

"அத நேரா கேட்டுடேன்."

"கேட்டுட்டேன், பொண்ணுகிட்ட. 'அவங்க வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலியே, கதைய வெச்சி சண்ட போடாதம்மா'ன்றா."

அடுத்த வாரம் கிருபாவதி அம்மாவே கடைக்கு வந்துவிட்டார், சர்ச் கல்யாணத்துக்கு மணப்பெண் கட்டும் சந்தன நிறப் பட்டு பார்க்க. மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அமைதியான மனுஷி, மூக்குக்கண்ணாடி, கையில் பேனா சொருகிய பை. நான் புடவைகளை விரித்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஜரிகையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"புத்தகம் படிச்சீங்களா, இளவரசிம்மா?"

"படிச்சேன் சம்பந்திம்மா. ஆசீர்..."

அவ்வளவுதான், பாதி வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். நான் புடவைக்கு அடியில் கையை விட்டு அவள் தொடையைக் கிள்ளினேன். பிரயோஜனம் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"அந்த மருமக வேலைய வுட்டாளே சம்பந்திம்மா, அன்னிக்கி அவ அழுதிருப்பா. நீங்க அத எழுதல. பாட்டு பாடினான்னு எழுதியிருக்கீங்க. நான் நம்பல."

கிருபாவதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "இன்னொரு நாள் வரேன்" என்று எழுந்து போய்விட்டார். சந்தன நிறப் புடவை விரித்தது விரித்தபடி கிடந்தது.

ஜெமிமா அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். எனக்கும் கோபம்தான். ஒரு நல்ல இடத்தை வாயால் கெடுத்துவிட்டாளே என்று மனதுக்குள் பொருமினேன். அக்காவோ தொழிலையே மறந்துபோனாள். மாம்பழ நிறம் கேட்டு வந்த ஒருத்தியிடம், "இது உங்களுக்கு வேணாம்மா, கருத்துப் போய் தெரிவீங்க" என்று சொல்லிவிட்டாள். முதலாளி எங்கள் இருவரையும் முறைத்த முறைப்பு இன்னும் முதுகில் இருக்கிறது.

ஒருநாள் மதியம் அக்காவின் போன் அடுத்தடுத்து மணியடித்தது. கிருபாவதி அம்மா வாட்ஸ்அப்பில் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு குரல் செய்தி.

"இளவரசிம்மா, அவ அழுதா. எழுதியிருந்தேன். குடும்பத்தோட படிக்கிற புத்தகத்துல இது எதுக்குன்னு பதிப்பகத்துல கேட்டாங்க, நானும் எடுத்துட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்துட்டு இருந்தது நான்தான். கதையில ஆஸ்பத்திரின்னு மாத்தினேன். இத்தனை வருஷத்துல யாரும் நம்பலன்னு சொன்னதில்ல. இதையும் படிச்சுட்டுச் சொல்லுங்க."

அக்கா மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். வேலையை விட்ட அன்று அந்தப் பெண் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுகிறாள். மாமியார் வெளியிலிருந்து, "தண்ணி வீணாப் போகுது பாரு" என்கிறார். பக்கங்கள் முடிந்தன. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கடவுளே, இப்போதாவது நல்லா இருக்கிறது என்று சொல்லித் தொலையேன் என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் போனை வாய்க்கிட்டே கொண்டுபோனாள். "சம்பந்திம்மா, இதுதான் கத. குழாயத் தொறந்து வுட்ட எடத்துல என்னால தாங்க முடியல. ஆனா கடைசிப் பக்கம் வேணாம். அதுல அவ கண்ணத் தொடச்சிக்கினு, மனசு ஆறிப்போச்சுன்னு சொல்றா. ஆறலன்னு உங்களுக்கே தெரியும்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பதில் வரத் தாமதமானது. நடுவில் ஒரு கஸ்டமர் வந்து உட்கார்ந்தார். நான் அரக்கு நிறப் புடவை ஒன்றை விரித்தேன். போன் மணி அடித்தது. அக்கா அதைக் காதோடு வைத்துக் கேட்காமல், எனக்கும் கேட்கும்படி சத்தமாகப் போட்டாள்.

"ஆறலதான்" என்றது கிருபாவதி அம்மாவின் குரல். பிறகு வேகமாக, ஏதோ வீட்டு வேலை சொல்வதுபோல, "அந்த கம்பெனி பஸ் எங்க தெருமுனையில நிக்குமான்னு ஜெமிமாவைக் கேட்டுச் சொல்லுங்க. நிக்காதுன்னா, எம் பையன் பைக்குல கொண்டு போய் விடட்டும். நைட் ஷிப்டு நாள்ல சாப்பாடு நான் கட்டித் தரேன்" என்றது.

அக்கா கடையென்றும் பார்க்காமல் அழ ஆரம்பித்தாள். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. எதிரே இருந்த கஸ்டமர் ஒன்றும் புரியாமல் புடவையின் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம் பொண்ணு வேலைக்குப் போவா புவனா" என்றாள் அக்கா, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு.