ஏலக்காய் மணந்த டப்பா

மருந்து டப்பாவைத் திறந்தால் மருந்து வாடைதான் வரும். என் கைக்கு வந்தவற்றில் ஒருவருடைய டப்பா மட்டும் ஏலக்காய் மணந்தது. அந்த மணம் இன்னும் என்னை விடவில்லை.

அப்போது நான் தேனியில் ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சிச் செவிலி. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்றுமா என்று ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தோம். வழக்கமான மருந்து எல்லோருக்கும் உண்டு. கூடவே பாதிப் பேருக்குப் புது மாத்திரை; மீதிப் பேருக்கு அதே உருவில், மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது. இதைச் சொன்னதும் பலர் எழுந்து கிளம்பச் செருப்பைத் தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? கம்பத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் மட்டும் கடைசிவரை கேட்டார். ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்கப் போகிறவர்.

"எனக்கு மருந்தில்லாதது வந்தா?"

"வரலாம்மா."

"எங்க ஆத்தாளும் அக்காளும் கிட்னி கெட்டு மொகம் வீங்கித்தான் போனாக. இப்ப எம் மகளுக்கும் சக்கர. அவளுக்காச்சும் ஒரு வழி பொறக்கட்டும் தாயி. என்னையச் சேத்துக்க."

மிச்ச மாத்திரையோடு டப்பாவைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அந்த அம்மா மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தனியாகக் கொடுத்தார். டப்பா நிறைய ஏலக்காய்! தலையில் கைவைத்துக்கொண்டேன். "வாங்குன ஏனத்த வெறுமனே யாராச்சும் திருப்பிக் குடுப்பாகளா?" என்று என்னையே அதட்டினார். ஒவ்வொரு முறையும் நான் திட்டினேன். ஒவ்வொரு முறையும் ஏலக்காய் வந்தது. மருத்துவர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோர் டீயிலும் அது மணந்தது.

ஒருமுறை அவருக்குப் பதில் மகள் வந்தாள். கருமாதி முடிந்த கையோடு வந்திருந்தாள்.

"செத்தவுக மருந்து வீட்டுல இருக்கக் கூடாது, ஆத்துல போடுன்னாக சிஸ்டர். நாந்தான் விடல. சிஸ்டர்கிட்டச் சேத்துரணும்னு அம்மா சொல்லிட்டே இருந்துச்சு."

காகிதப் பொட்டலத்தில் மாத்திரை. டப்பாவில் ஏலக்காய். படுக்கையில் கிடந்தபடியே அவரே நிரப்பி வைத்தாராம். அன்று நான் திட்டவில்லை, அழுதேன்.

ஆய்வு முடிந்து, யாருக்கு எது போனது என்ற விவரம் வெளிவந்தது. புது மாத்திரை பலன் தந்திருந்தது. அந்த அம்மாவுக்குப் போயிருந்ததோ மருந்தில்லாத மாத்திரை. எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி, கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தே மாத்திரைக்குக் கை நீட்டியவரை வேறு பார்த்ததில்லை.

இப்போது அந்த மாத்திரை தேனிக் கடைகளிலேயே கிடைக்கிறது. மகள் அதைத்தான் சாப்பிடுகிறாள். போன வாரம் வந்தவளிடம், அம்மாவுக்குப் போனது மருந்தில்லாத மாத்திரை என்பதைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா தெரிஞ்சுதான முழுங்குச்சு," என்றாள். பிறகு, "நான் முழுங்குறது மருந்துதான சிஸ்டர்?"

"மருந்துதான்."

தலையாட்டிவிட்டுப் பையைத் திறந்தாள். இப்போதெல்லாம் மாத்திரை அட்டையில் வருகிறது. திருப்பித் தர டப்பா கிடையாது. காகிதப் பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைத்தாள். அறை முழுக்க ஏலக்காய் மணந்தது.